முதுகில் ஏழு வரி

அந்தப் பட்டறைக்குள் அன்று மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேரின் கல்லறை நஜஃபில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது ஆள் நான். இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

தேதி மறக்கவில்லை. 2003, ஜூலை பத்து, வியாழக்கிழமை. பேய் என்றால் நடுராத்திரி என்று நினைப்பீர்கள். இது பட்டப்பகல். மத்தியானம் இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் நடந்து முடிந்தது.

என் பெயர் சப்ரி. நாசிரிய்யாவில் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுவது என் தொழில். என் அப்பாவுக்கும் அதுதான் தொழில். அந்த வருஷம் போர் நகரத்துக்குள் வந்தபோது ஒரே வீட்டுக்கு ஐந்து கல் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது கல்லுக்குப் பெயர் சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்தார். செத்தவருக்கு மிஞ்சுவது ஒரு பெயர்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த வேலையைச் செய்தேன்.

முந்தின நாள் என் தங்கை நிஹாயா வந்தாள். அவளுடைய கடைசிப் பெண் ஷஹதுக்கு நான்கு வயது. இதயத்தில் ஓட்டை. எல்லை தாண்டி அம்மான் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பாள், ஆனால் நிறையப் பணம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அண்ணா, அவரு ஒரு சாமான் கொண்டு வருவாரு. என்ன ஏதுன்னு கேக்காத. சொன்னதச் செஞ்சு குடு," என்றாள்.

"திருட்டுச் சாமானா?"

"எம் பொண்ணு உதடு நீலமா இருக்கு. நீ வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் திருட்டு கிருட்டுன்னு பேசு."

"வரச் சொல்லு," என்றேன்.

வியாழக்கிழமை ஒன்றே முக்காலுக்கு பிக்கப் வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. நிஹாயாவின் புருஷன் தாமிர் இறங்கினான். கூடவே அவன் பெரியப்பா மகன் ஷனான். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் பாதிப்பேர் செய்ததைத்தான் அவர்களும் செய்துகொண்டிருந்தார்கள். பாலைவனத்தில் பழைய மேடுகளைத் தோண்டுவது. காவல் இல்லை, அரசாங்கம் இல்லை. கஸப் மேட்டில் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டியபோது கிடைத்தது என்றார்கள்.

சாக்கைப் பிரித்தார்கள்.

பெண் சிலை. முழங்கால் உயரம் இருக்கும். பால் நிறக் கல். தலையைச் சுற்றிப் பின்னிய கூந்தல், அடுக்கடுக்காய்த் தொங்கும் பாவாடை. இரண்டு கையையும் நெஞ்சில் கோத்துக்கொண்டு நின்றாள். கண்கள்தான் அளவுக்கு மீறி இருந்தன. முகத்தில் பாதி கண்தான். வெள்ளைக்குச் சிப்பி, நடுவில் நீலக்கல். நான்காயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் சுமேரியர்கள் இப்படிச் செய்து கோயிலில் நிறுத்துவார்கள். ஆள் வீட்டில் தூங்கும்போதும், ஆள் செத்த பிறகும், அந்த ஆளுக்காகச் சிலை கண்கொட்டாமல் கும்பிட்டுக்கொண்டே நிற்கும்.

முதுகில் ஏழு வரி எழுத்து. ஆணி ஆணியாய்.

"இந்த எழுத்த எடுத்துரு மச்சான்," என்றான் தாமிர். "எழுத்து இருந்தா எந்த மேட்டுலேருந்து வந்துச்சுன்னு கண்டுபுடிச்சிடுவாங்களாம். வாங்குறவன் வழுவழுன்னு கேக்குறான்."

"இது இவ பேரா இருக்கும் தாமிர்."

"இருந்துட்டுப் போவுது. இவ என்ன ரேஷன் கார்டா வாங்கப்போறா?"

ஷனான் சிரித்தான். சிரித்துவிட்டுத் தோள்பட்டையைத் தடவிக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டா உஸ்தா? மேட்டுல நான் ஒருத்தனா தூக்கினேன். இங்க எறக்க ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கிடுச்சு."

"நேத்து சரியா சாப்பிட்டிருக்க மாட்ட," என்றான் தாமிர்.

நான் சிலையை மேசைமேல் திருப்பி வைத்தேன். முகம் சுவர்ப் பக்கம், முதுகு என் பக்கம். வெளியே ஐம்பது டிகிரி. பட்டறையில் கிடந்த எல்லாக் கல்லும் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிலை மட்டும் ஆற்றுக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்தது போலச் சில்லென்று இருந்தது.

இரண்டு ஐந்துக்கு ஜெனரேட்டரைப் போட்டேன். கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தேன். முதல் வரியில் வைத்தேன்.

இருபத்தெட்டு வருஷம் கல் அறுத்தவன் நான். கல்லை அறுத்தால் தூள் பறக்கும். கண்ணில் விழும், மூக்கில் ஏறும். அன்று பறக்கவில்லை. நேராகக் கீழே விழுந்தது. பழுப்பாக இருந்தது. விரலால் தொட்டேன். ஈரம். பால் நிறக் கல்லிலிருந்து ஈரமான வண்டல் மண். வெள்ளம் வடிந்த ஃபுராத் ஆற்றங்கரையின் வாடை.

அப்புறம் அந்தக் குரல்.

மெஷின் அலறிக்கொண்டிருந்தது. அந்த அலறலுக்கு அடியில் ஒரு பெண் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நீளமான ஒரே ஒரு சொல். திரும்பத் திரும்ப. நமாஸில் முணுமுணுப்பது போல. மெஷினை நிறுத்தினேன். குரலும் நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி வந்தது.

முதல் வரி தீர்ந்தது.

குரல் தொடர்ந்தது. ஆனால் அந்தச் சொல்லின் தொடக்கம் இப்போது இல்லை. தலை வெட்டுப்பட்ட மாதிரி நடுவிலிருந்து ஆரம்பித்தது...

மெஷினைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னாச்சு?" என்றான் தாமிர்.

"நான் செய்ய மாட்டேன்."

"ஒரு வரி முடிஞ்சிருச்சே."

"உனக்குக் கேக்கலையா?"

"என்ன கேக்கணும்?" நான் கீழே வைத்த மெஷினைப் பார்த்தான். "செத்தவன் பேர வெட்டியே சோறு தின்ன ஆளு நீ. ஒரு பொம்மைக்குப் பயப்படுற. நவுரு. ஷஹத் எம் பொண்ணு. நானே பாத்துக்கறேன்."

மெஷினை அவன் எடுத்துக்கொண்டான். இரண்டு இருபத்தைந்து.

தடுத்திருக்கலாம். மெஷினின் வயரைப் பிடுங்கியிருந்தால் போதும். நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மேற்கே புழுதி எழுந்தது. எங்கள் ஊருக்குப் புதிதில்லை. முதலில் வானம் மஞ்சளானது, பிறகு செங்கல் நிறமானது. ஷனான் தகரக் கதவை இழுத்துச் சாத்தினான். ஜன்னல் சிவந்தது. அப்புறம் கறுத்தது. மேசைக்கு மேலே தொங்கிய ஒரே ஒரு குண்டு பல்புதான் வெளிச்சம்.

தாமிர் அறுத்தான். இரண்டாவது வரி. மூன்றாவது. ஒவ்வொரு வரி போனபோதும் அந்தச் சொல் குட்டையானது. அவர்கள் இரண்டு பேருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஷனான் ஒரு கல்யாணப் பாட்டை முனகிக்கொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது வரி முடிந்தபோது ஒரே ஓர் ஒலிதான் மிச்சம்.

ஏழாவது முடிந்தபோது மூச்சு மட்டும்.

ஹா... ஹா... ஹா...

இரண்டு நாற்பத்திரண்டு. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமி நின்றுபோனது. பல்பு அணைந்தது.

கட்டிங் மெஷின் நிற்கவில்லை.

"ஆஃப் பண்ணு தாமிர்!" என்று கத்தினேன்.

"பண்ணிட்டேன்!"

இருட்டில் தடவித் தடவி வயரைப் பிடித்தேன். இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. பிளக்கின் பித்தளை முனை என் உள்ளங்கையில் குத்தியது.

மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது...

சட்டென்று நின்றது.

வெளியே காற்று. தகரம் படபடவென்று அடித்தது.

"ஷனான்," என்றான் தாமிர். "கைய எடுடா."

"என்னது?"

"எம் மூஞ்சிலேருந்து கைய எடு."

"நான் கதவுகிட்ட இருக்கேன்."

உண்மைதான். ஷனானின் குரல் கதவுப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

"மச்சான், நீயா?"

"நான் இல்ல தாமிர்..."

சளக்.

ஈரக் கால். சிமெண்டுத் தரையில் வெறுங்கால்.

சளக்... சளக்...

சின்னக் கால். குழந்தையின் கால் அளவுதான் இருக்கும்.

தாமிர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பாதியில் அடைத்துக்கொண்டது. குழாயில் சேறு இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் முட்டி தரையில் மோதும் சத்தம்.

ஷனான் கதவை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அடித்தான். "தொற! தொற! யா அலி..."

அதுவும் பாதியில் நின்றது.

நான் மேசைக்கு அடியில் கிடந்தேன். கண்ணை மூடிக்கொண்டேனா திறந்திருந்தேனா, தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

சளக்.

நின்றது.

என் முன்னால்.

குளிர்ந்த விரல்கள் என் உதட்டைத் தொட்டன. குழந்தைக் கை. கல்லின் கனம். அவசரமே இல்லை. என் உதட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவின. அளப்பது போல.

காதுக்குள் மூச்சு.

ஹா...

ஒரு விரல் உள்ளே வந்தது.

மண்.

ஒரு சிட்டிகை. நாக்கின் மேல்.

அவ்வளவுதான். விரல் வெளியே போய்விட்டது.

மூன்று இருபதுக்கு ஜன்னல் மறுபடி சிவந்தது. மூன்றரைக்கு ஆள் முகம் தெரிகிற அளவு வெளிச்சம் வந்தது. நான் வெளியே ஊர்ந்து வந்தேன்.

தாமிர் மேசைக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தான். ஷனான் கதவருகே. விழவில்லை. இருவரும் நிமிர்ந்த முதுகோடு இருந்தார்கள். இரண்டு கையையும் நெஞ்சில் கோத்திருந்தார்கள். கண்கள் விரிந்த மட்டும் விரிந்திருந்தன. வாய் நிறைய ஈர மண். சும்மா அடைத்த மண் இல்லை. அடுப்புக்கு மேல்பூச்சு பூசுவது போல உதட்டோடு உதடாய் விரலால் வழித்து விட்டிருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த சிலை இப்போது கதவைப் பார்த்து நின்றது.

டாக்டர் வந்தார். புழுதியில் மூச்சு முட்டிச் செத்துவிட்டார்கள் என்று எழுதினார். அன்று ஊரில் வேறு மூன்று பேரும் அப்படித்தான் செத்திருந்தார்கள். "ஈர மண்ணா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கையைக் கழுவினார். மய்யித்தைக் குளிப்பாட்டினவர்களால் கோத்த கைகளைப் பிரிக்க முடியவில்லை. அப்படியே கஃபன் துணி சுற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை நஜஃபில் அடக்கம் முடித்துத் திரும்பினோம். சாயங்காலம் நிஹாயா பட்டறைக்கு வந்தாள். கறுப்பு அபாயாவில் அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. ஷஹத் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம்.

"அது எங்க?"

"நிஹாயா, அத விட்டுரு."

"நாளைக்கு மத்தியானம் வாங்குறவன் வண்டி வருது. எழுத்தெல்லாம் போயிடுச்சுல்ல? எம் புருஷன் உசிரக் குடுத்து எடுத்துட்டாரு. எங்கிட்டக் குடு."

"அதான் அவனக் கொன்னுச்சு. எங்கண்ணு முன்னாடி."

"உன்ன ஏன் கொல்லல?"

நான் குனிந்து தரையில் கிடந்த உளியை எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

"என்னையும் கொல்லட்டும்," என்றாள். "இவள அம்மானுக்கு அனுப்பிட்டு வந்து நானே அது முன்னாடி உக்காந்துக்கறேன். இப்பக் குடு."

"காலைல தரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சனிக்கிழமை காலை நாலு ஐம்பதுக்குச் சிலையைத் தூக்கினேன். இரண்டு பேருக்கு மூச்சு வாங்கவைத்த சிலை, என் கையில் ஒரு கைக்குழந்தை கனம்தான் இருந்தது. பிக்கப்பில் வைத்தேன். வண்டியைத் தங்கை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. கஸப் மேட்டுக்கு ஓட்டினேன். அவர்கள் தோண்டிய குழிக்குள் இறங்கி, அடியில் நிறுத்தி, மண்ணைத் தள்ளி மூடினேன். ஐந்து ஐம்பதுக்கு வேலை முடிந்தது. வழியெல்லாம் ஒரு தடவைகூட நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

ஷஹத் ஜனவரியில் இறந்தாள்.

அதுவும் சிலை செய்த வேலையா, இல்லை என் பயம் செய்த வேலையா? இருபத்திரண்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிஹாயாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் என் முன் வந்து நின்றாள். "உனக்கு நான் தங்கச்சி இல்ல. எனக்கு உம் பேரு தெரியாது," என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே தெருவில்தான் இருக்கிறோம். எதிரே வந்தால் என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு போவாள்.

தாமிருக்கும் ஷனானுக்கும் கல் வெட்டினேன். மறுநாள் காலை பார்த்தால் எழுத்து உதிர்ந்து கிடந்தது. மறுபடி வெட்டினேன். மறுபடி உதிர்ந்தது. வேறு ஆட்களுக்கு வெட்டினாலும் அப்படியே. நல்ல சலவைக்கல், புது உளி, என்ன செய்தும் விடிந்தால் கல் வழுவழுவென்று இருக்கும். ஆறு மாதத்தில் தொழிலை விட்டுவிட்டேன். இப்போது ஐஸ் கட்டி விற்கிறேன்.

நாக்கில் அந்தச் சிட்டிகை மண்ணின் ருசி போகவே இல்லை. தேநீரில், சமூன் ரொட்டியில், எதிலும் அதுதான்.

2019இல் கஸப் மேட்டில் ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டினார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் அவர்களில் ஒரு பெண்மணி என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். டாக்டர் சுஹாத், பாக்தாத்காரர். கல் வெட்டத் தெரிந்த பழைய ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு சிலை கிடைச்சிருக்கு. முதுகுல மெஷின் வெச்சு அறுத்திருக்காங்க," என்றார். ஃபோனில் படம் காட்டினார். "இது எந்த மாதிரி மெஷின்னு சொல்ல முடியுமா?"

சொன்னேன்.

"நீங்க ஏன் இப்படி வேர்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அந்தக் குழியில... வேற ஏதாவது இருந்துச்சா?"

அவர் உற்சாகமானார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அதான் அதிசயம். சிலை நின்ன இடத்துக்கு அடியில எலும்புக்கூடு. அது கோயில், அடக்கம் பண்ற இடமே இல்ல. மூணு பேரு. பக்கத்துல செம்பு உளி. சிலையத் திருட வந்தவங்களா இருக்கும்னு நினைக்கிறேன். நாலாயிரம் வருஷம் முன்னாடி."

"மூணு பேரா?"

"ரெண்டு பேரு இளவட்டம். ஒரே நேரத்துல செத்திருக்காங்க. முட்டி போட்ட நிலையில, கை நெஞ்சுல. தாடைக்குள்ள இறுகின களிமண்ணு. அந்தக் காலத்துல செத்தவங்களுக்குக் கீழ் உலகத்துல மண்ணுதான் சாப்பாடுன்னு நம்பினாங்க. அதுக்காகவோ என்னவோ."

"மூணாவது ஆளு?"

"அதுதான் எங்களுக்குப் புரியல. அவர் இருந்தது ரெண்டு சாண் மேல. அதாவது ரொம்ப வருஷம் கழிச்சு வந்து சேர்ந்திருக்காரு. அதே மாதிரி முட்டி போட்டு, அதே மாதிரி கை. அதே மாதிரி வாய் நிறைய மண்ணு. ஆனா கட்டின தடயம் இல்ல, அடிபட்ட தடயம் இல்ல. தானா நடந்து வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

ஐஸ் உருகி என் காலை நனைத்துக்கொண்டிருந்தது.

"அந்த ஆளுக்கு என்ன வயசு இருக்கும்மா?"

"பல்ல வெச்சுச் சொல்றதுதான். எழுபதுக்குப் பக்கம்."

எனக்கு அப்போது அறுபத்திரண்டு.

இப்போது அறுபத்தெட்டு. போன மாதத்திலிருந்து இரண்டு தடவை விடியற்காலையில் எனக்கு உணர்வு வந்தபோது நான் படுக்கையில் இல்லை. ஊருக்கு வெளியே, கஸப் மேட்டுக்குப் போகும் மேற்குச் சாலையில், செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். முதல் தடவை சோதனைச் சாவடி வரை போயிருந்தேன்.

இரண்டாவது தடவை அதைத் தாண்டியிருந்தேன்...